ஒரு கோரை எந்த மண்ணுக்கு உரியது? பரவலையும் தாயகத்தையும் கண்டறியும் முறை

எத்தனை முறை கொத்தினாலும் மீண்டும் தலைகாட்டும் கோரையை, வெளிநாட்டிலிருந்து வந்து புகுந்த களை என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும் பார்த்தீனியமும் அவ்வாறு வந்தவையே என்பதால், அடங்காத செடியெல்லாம் வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. கோரைக்கிழங்கு அல்லது முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படும் சைப்ரஸ் ரொட்டண்டஸ் என்னும் இனத்தைப் பொறுத்தவரை, அந்த எண்ணம் தமிழ்நாட்டில் தவறாகவும் ஹவாய்த் தீவுகளில் சரியாகவும் இருக்கிறது. 1977-இல் லீராய் ஹோம் குழுவினர் தொகுத்த உலகக் களைகளின் வரிசையில் இந்த இனமே முதலிடம் பெற்றது. 92 நாடுகளில், 52 பயிர்களில் அது களையாக இருப்பதாக அவர்கள் குறித்தனர். அந்த 92 நாடுகளில் எவற்றில் அது தானாக வளர்ந்து வந்தது, எவற்றுக்கு மனிதரால் கொண்டு செல்லப்பட்டது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. களையாக இருத்தல் ஒரு செடி இன்று என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. தாயகம் அது எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்பதைப் பற்றியது. இரண்டாவது கேள்விக்கு, மாவட்டத் தாவரப் பட்டியல் தயாரிக்கும் மாணவரோ இயற்கை ஆர்வலரோ எவ்வாறு விடை தேட வேண்டும் என்பதை, சைப்ரஸ் ரொட்டண்டஸை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்தக் கட்டுரை விளக்குகிறது.

செடியை உறுதி செய்தல்

இனத்தைத் தவறாக அடையாளம் கண்டால், அதன்மேல் எழுப்பும் பரவல் படமும் தாயக முடிவும் சேர்ந்தே தவறிவிடும். கோரைக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 5,500 இனங்கள் உள்ளன. பூக்காத நிலையில் அவற்றுள் பல ஒன்றுபோலவே தோன்றும். முதலில், கையிலுள்ளது புல்லா கோரையா என்பதைப் பார்க்க வேண்டும். கோரையின் பூந்தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்புகள் தட்டுப்படும்; தண்டில் புல்லுக்கு இருப்பது போன்ற கணுக்கள் தெரியா; இலைகள் மூன்று வரிசையில் எழும்; இலையுறை பிளவின்றித் தண்டைச் சுற்றி மூடியிருக்கும்.

அடுத்து மண்ணைத் தோண்ட வேண்டும். பூந்தண்டை மட்டும் கிள்ளி எடுத்துவந்து இனப்பெயர் கேட்பது பரவலான பழக்கம்; களைக்கோரைகளைப் பிரித்தறிய உதவும் பகுதியோ மண்ணுக்கடியில் இருக்கிறது. சைப்ரஸ் ரொட்டண்டஸில் கம்பி போன்ற நிலத்தடித் தண்டுகளால் இணைக்கப்பட்டுக் கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாய் அமைந்திருக்கும். அவை கருமையும் நாரும் மணமும் உடையவை, சுவையில் கசப்பானவை. அதன் நெருங்கிய தோற்றமுடைய சைப்ரஸ் எஸ்குலென்டஸில் ஒவ்வொரு நிலத்தடித் தண்டின் நுனியிலும் ஒரே ஒரு கிழங்கு உருண்டையாக இருக்கும், அது இனிக்கும். ரொட்டண்டஸின் சிறுகதிர்கள் செம்பழுப்பு அல்லது ஊதா கலந்த நிறத்திலும், எஸ்குலென்டஸின் சிறுகதிர்கள் வைக்கோல் அல்லது பொன்பழுப்பு நிறத்திலும் இருக்கும். ரொட்டண்டஸின் இலைநுனி சட்டென்று கூராகும். எஸ்குலென்டஸின் இலை நெடுந்தொலைவு மெல்ல மெல்லக் குறுகிச் செல்லும். நெல்வயல்களில் மிகுதியாகக் காணப்படும் சைப்ரஸ் இரியா, சைப்ரஸ் டிஃபார்மிஸ் ஆகிய இரண்டும் ஒரு பருவத்தில் வாழ்ந்து மடிபவை. அவற்றைப் பிடுங்கினால் சல்லிவேர்க் கொத்து மட்டுமே வரும், கிழங்கு இராது.

கிழங்கு, வேர், இலை, பூங்கொத்து ஆகிய அனைத்தும் அடங்கிய முழுச் செடியைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, இடம், நாள், மண்ணின் இயல்பு, அருகில் என்ன பயிர் அல்லது நீர்நிலை இருந்தது, செடி தானாக முளைத்ததா நட்டதா என்பவற்றை உடனே எழுதி வைக்க வேண்டும். ஒளிப்படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் உலர்மாதிரிக்கு ஈடாகாது. இருபது ஆண்டு கழித்து ஒருவர் நம் அடையாளத்தை ஐயுறும்போது அவர் சிறுகதிரின் செதில்களைப் பிரித்துப் பார்க்க உலர்மாதிரியே இடம் தரும்.

இந்த எச்சரிக்கைக்கு ஆஸ்திரேலியா நல்ல சான்று. குவீன்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் கரிசல் நிலங்களில் சைப்ரஸ் பைஃபாக்ஸ் என்ற உள்நாட்டுக் கோரை வளர்கிறது. அதுவும் கிழங்கு உடையது, ரொட்டண்டஸை மிகவும் ஒத்தது. இரண்டையும் பிரிக்காமல் எழுதிய ஒரு பதிவு, களையை உள்நாட்டினதாகவோ உள்நாட்டுச் செடியைக் களையாகவோ காட்டிவிடும்.

பழைய பெயர்களையும் சேர்த்துத் தேடுதல்

இனம் உறுதியானபின், அது எந்தெந்தப் பெயர்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று பட்டியலிட வேண்டும். கோரைகளில் இந்த வேலை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். மரபணு ஆய்வுகளுக்குப் பின், முன்பு தனிப் பேரினங்களாகக் கருதப்பட்ட கைலிங்கா, மாரிஸ்கஸ், பைக்ரியஸ் போன்றவை சைப்ரஸ் பேரினத்துக்குள்ளேயே கொண்டுவரப்பட்டுவிட்டன. ஆகவே நூறு ஆண்டுக்கு முந்தைய நூலில் வேறு பேரினத்தின்கீழ் இருக்கும் செடி இன்றைய தரவுத்தளத்தில் சைப்ரஸ் என்றே கிடைக்கும். கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் உலகத் தாவரங்கள் இணையத்தளத்தில் ஒவ்வோர் இனத்தின்கீழும் இணைப்பெயர்கள் தரப்பட்டிருப்பதால், அங்கிருந்து தொடங்குவது எளிது.

சைப்ரஸ் ரொட்டண்டஸுக்கு 1753-இல் பெயரிட்ட லின்னேயஸ் அதன் இருப்பிடமாக இந்தியாவைக் குறிப்பிட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1803-இல் வெளிவந்த, பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷோவின் வட அமெரிக்கத் தாவர நூல் அதே இனத்தை சைப்ரஸ் ஹைட்ரா என்ற புதுப் பெயரில் விவரித்தது. இதிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தக் கோரை அமெரிக்க மண்ணில் வேரூன்றியிருந்தது என்று சொல்லலாம். ஆனால் அமெரிக்காவே அதன் தாயகம் என்று சொல்ல முடியாது. ஓர் இனம் ஓரிடத்திலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது என்பது, அந்த ஆண்டில் ஒரு தாவரவியலாளர் அங்கே அதைக் கண்டார் என்பதற்கு மேல் எதையும் மெய்ப்பிக்காது. இந்தியாவைக் குறித்த லின்னேயஸின் சொல்லுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். அது சரியாக இருப்பது வேறு சான்றுகளால்தான்.

வழக்குப் பெயர்களில் இன்னும் கூடுதலாக விழிப்பு வேண்டும். நவுவா கோரை என்று ஆஸ்திரேலிய உழவர்கள் அழைக்கும் சைப்ரஸ் அரோமேட்டிகஸ், ஃபிஜித் தீவிலுள்ள நவுவா ஆற்றின் பெயரைத் தாங்கியிருக்கிறது. செடியோ வெப்பமண்டல ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நம் மருத்துவ மரபில் முத்தக்காசு என்றும் வடமொழியில் முஸ்தா என்றும் வழங்கும் பெயர்கள் பழைமையானவை; ஆயினும் அவ்வகைப் பெயர்களின்கீழ் வேறு சைப்ரஸ் இனங்களும் விற்கப்படுகின்றன என்பதால், ஒரு மருத்துவ நூலில் பெயர் இருப்பதை ஓர் இனத்தின் பதிவாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது; துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பரவலைத் தொகுத்தல்

பதிவுகள் மூன்று இடங்களில் கிடைக்கின்றன: அச்சிட்ட தாவர நூல்கள், ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகங்கள், இணையத் தரவுத்தளங்கள். தமிழ்நாட்டுக்கு, ஜே.எஸ். கேம்பிள் தொடங்கி அவர் மறைவுக்குப்பின் சி.இ.சி. ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலையும் (1915–1936), திருச்சிராப்பள்ளி ராப்பினாட் ஹெர்பேரியத்தைச் சேர்ந்த கே.எம். மேத்யூ 1981 முதல் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளிப் பகுதியின் தாவர நூலையும் முதலில் பார்க்க வேண்டும். இந்தியா முழுமைக்கும், ஹூக்கரின் பிரித்தானிய இந்தியத் தாவர நூலில் சி.பி. கிளார்க் எழுதிய கோரைப் பகுதி இன்றும் பயன்படுகிறது. இலங்கைக்கு, திருத்திய இலங்கைத் தாவரக் கையேட்டின் ஐந்தாம் தொகுதியில் (1985) கொயாமா எழுதிய கோரைக் குடும்பப் பகுதி உள்ளது. உலர்மாதிரிகளுக்குக் கோயம்புத்தூரில் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென்மண்டல மையத்திலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியமும், இலங்கையில் பேராதனைத் தேசிய ஹெர்பேரியமும் முதன்மையானவை.

இணையத் தரவுகளில், பல நிறுவனங்களின் உயிரினப் பதிவுகளை ஒன்றுதிரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தளம் மிகப் பெரியது. அதனாலேயே மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டியதும் அதுதான். பதிவிறக்கிய அட்டவணையை அப்படியே படத்தில் ஏற்றினால், கடலுக்கு நடுவில் புள்ளிகள் தோன்றும். ஒரு நாட்டின் சரியான நடுப்புள்ளியில் பல பதிவுகள் குவிந்திருக்கும். முன்னது ஆயத்தொலைவைத் தவறாகப் பதிந்ததால் வருவது. பின்னது இடம் தெரியாத பழைய மாதிரிகளுக்கு நாட்டின் மையத்தைக் கொடுத்ததால் வருவது. இவற்றை நீக்கிய பிறகு, தாவரவியல் பூங்காக்களில் எடுத்த பதிவுகளையும், ஒரே மாதிரியின் படிகள் பல ஹெர்பேரியங்களுக்கு அனுப்பப்பட்டதால் இரண்டு மூன்று முறை வரும் பதிவுகளையும் பிரிக்க வேண்டும். பொதுமக்கள் தாம் கண்ட உயிரினங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் வழியாக வரும் ஒளிப்படப் பதிவுகளில் கிழங்கோ முதிர்ந்த சிறுகதிரோ தெரியாதவற்றை ரொட்டண்டஸ் என்று ஏற்பது நல்லதன்று.

நட்டு வளர்க்கும் கோரைகளில் மற்றொரு சிக்கல் உண்டு. பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் பாய்க்கோரை, அதாவது சைப்ரஸ் பங்கோரை, நம் ஆற்றங்கரைகளுக்கு உரியதே. காவிரிப் பகுதியில் அது வயல்களில் பயிரிடவும் படுகிறது. அங்கிருந்து எடுத்த மாதிரி இனத்தின் இயற்கைப் பரவலைக் காட்டாது. குளக்கரைகளிலும் வீட்டுத் தொட்டிகளிலும் அழகுக்காக வளர்க்கும் குடை போன்ற சைப்ரஸ் இன்வலுக்ரேட்டஸ் ஆப்பிரிக்காவையும் அரபு நாட்டையும் சேர்ந்தது; அது வாய்க்கால்களில் தப்பி வளர்ந்திருப்பதைக் கண்டால், தப்பியது என்றே குறிக்க வேண்டும்.

படம் தயாரானதும் அதன் எல்லைகளுக்கு ஒரு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் ரொட்டண்டஸ் பெரும்பாலும் தென்மாநிலங்களோடு நின்றுவிடுகிறது. எஸ்குலென்டஸோ கனடா வரை செல்கிறது. கிழங்குகள் குளிரைத் தாங்கும் அளவில் உள்ள வேறுபாடே இதற்கு முதன்மைக் காரணம். நிழல் அடர்ந்த காட்டுக்குள் ரொட்டண்டஸ் இல்லாததும் இவ்வாறே விளங்கிக்கொள்ளத் தக்கது, ஏனெனில் அது மிகுந்த ஒளியை வேண்டும் செடி. தட்பவெப்பமோ ஒளியோ விளக்காத இடைவெளி ஒன்று படத்தில் இருந்தால், பெரும்பாலும் அங்கே யாரும் தேடவில்லை என்பதே பொருள். களைகளை மாதிரி எடுக்கத் தாவரவியலாளர்கள் பொதுவாகச் சோம்பல்படுவார்கள். அரிய செடிக்கு நூறு மாதிரிகள் இருக்கும் மாவட்டத்தில் கோரைக்கு இரண்டே இருக்கலாம்.

தாயகத்தை முடிவு செய்தல்

இனி கடினமான பகுதி. தாயக இனம் என்பது, மனிதர் கொண்டுவராமல் தானாக ஓரிடத்தில் தோன்றியது அல்லது தானாக வந்து சேர்ந்தது. இதை நேரடியாகப் பார்த்தவர் எவருமில்லாததால், பல திசைகளிலிருந்து வரும் சான்றுகளைச் சேர்த்தே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

அவற்றுள் வலிமையானது மண்ணடியில் கிடைக்கும் பழைய எச்சம். எகிப்தில் அஸ்வான் அருகிலுள்ள வாடி குப்பானியா என்ற இடத்தில், ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் அடுப்பெச்சங்களில் கரிந்த கோரைக்கிழங்குகள் கிடைத்தன. சூடானில் வெள்ளை நைல் கரையிலுள்ள அல் கிடாயில் புதைக்கப்பட்டோரின் பற்காரையில் ரொட்டண்டஸின் தடயங்கள் இருப்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேளாண்மை அங்கே வருவதற்கு முன்பிருந்தே அவர்கள் அதை உண்டு வந்தனர். பயிர்த்தொழிலும் நெடுந்தொலைவு வாணிகமும் தோன்றுவதற்கு முந்தைய காலத்தில் ஒரு செடி ஓரிடத்தில் இருந்தால், அதை அங்கே கொண்டுவந்தவர் எவர் என்று கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. இத்தகைய எச்சம் நைல் பள்ளத்தாக்குக்கு மட்டுமே விடை சொல்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதைக் கொண்டு தென்னிந்தியாவுக்குத் தீர்ப்புச் சொல்ல இயலாது.

இரண்டாவதாக, செடி எவ்வாறு பரவுகிறது என்பதிலிருந்து காரண காரியமாக நகரலாம். ரொட்டண்டஸ் முளைக்கும் திறனுள்ள விதையை மிக அரிதாகவே உண்டாக்குகிறது, கிழங்கினாலேயே பெருகுகிறது. உலரவிட்டால் மாளும் இயல்புடைய அந்தக் கிழங்கு, காற்றிலோ பறவையின் இறகிலோ பெருங்கடலைத் தாண்டியது என்று நம்புவது கடினம். கப்பலில் ஏற்றிய மண்ணிலும் நாற்றின் வேரிலும் சென்றது என்பதே பொருத்தமான விளக்கம். அமெரிக்கக் கண்டங்களிலும் பசிபிக் தீவுகளிலும் அது கொண்டு செல்லப்பட்டது என்ற முடிவுக்கு இந்த இயல்பு பெரிய துணை. ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாடு வழியாக இந்தியா வரை நிலம் தொடர்ந்து கிடப்பதாலும், வெள்ளம் கிழங்கை மண்ணோடு இழுத்துச் செல்வதாலும், பழைய உலகத்துக்குள் அத்தகைய தடை இல்லை.

மூன்றாவது, வளரும் இடம். உழுத நிலம், சாலையோரம், புல்வெளி ஆகிய மனிதர் கிளறிய இடங்களில் மட்டுமே காணப்படும் செடியை ஐயத்துடன் பார்க்க வேண்டும்; ஆற்று வண்டல், பருவத்தில் நிறைந்து வற்றும் தாழ்நிலம் போன்ற இயற்கை இடங்களிலும் அது நிலைத்திருந்தால் தாயகம் என்ற முடிவுக்கு வலுச்சேரும். கள ஆய்வில் எளிதாகத் திரட்டக்கூடிய சான்று இதுவே. ஆனால் பெரும்பாலான பதிவுகளில் விடுபட்டிருப்பதும் இதுவே.

நான்காவதாக, அந்தச் செடியையே நம்பி வாழும் பூச்சிகளைத் தேடலாம். ஒரு செடியோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இடத்தில்தான் அதற்கென்றே அமைந்த பூச்சிகள் இருக்கும். ஹவாயில் கோரையை அடக்க எண்ணியவர்கள் 1925-இல் பிலிப்பீன்ஸிலிருந்து தண்டைத் துளைக்கும் பாக்ட்ரா அந்துப்பூச்சியையும் அத்தெசப்பியூட்டா என்னும் கூன்வண்டையும் கொண்டுவந்தனர். எதிரியைத் தேடி ஆசியாவுக்குப் போக வேண்டியிருந்ததே ஹவாய் அதன் தாயகமன்று என்பதைக் காட்டுகிறது. அந்த முயற்சி களையை அடக்கிவிடவில்லை. இந்தியாவிலும் பாக்ட்ரா புழுக்கள் கோரைத் தண்டுகளைக் குடைகின்றன; யாரும் அவற்றை அதற்கென்று இங்கே கொண்டுவரவில்லை.

முதல் பதிவின் ஆண்டை ஒரு சான்றாகப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பாவில் ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டுக்கு முன் வந்தவற்றைப் பழைய வரவுகள் என்றும் பின்னர் வந்தவற்றைப் புதிய வரவுகள் என்றும் பிரிக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்கக் கண்டங்களுக்கு அந்தக் கோடு பொருள் உள்ளது. இந்தியப் பெருங்கடல் வாணிகம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது என்பதால், அதே கோட்டை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இழுப்பது பொருந்தாது என்பது என் கருத்து. பழைய பதிவு இல்லாமையும் இங்கே எதையும் மெய்ப்பிக்காது. தெருவோரக் களையை எழுதி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாத காலம் நீண்டது. இதற்கு மாறாக, வந்த வழியே பதிவாகியிருக்கும் நேர்வுகளில் ஆண்டு தீர்மானமான சான்றாகிவிடும். நெதர்லாந்தில் சைப்ரஸ் எஸ்குலென்டஸ், இறக்குமதியான கிளாடியோலஸ் கிழங்குகளோடு கலந்து வந்து வயல்களில் தொல்லையானது. அங்கே அது அயல் இனம் என்பதில் வழக்கே இல்லை.

எஸ்குலென்டஸ் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. ஸ்பெயினின் வலென்சியாவில் இனிய பானம் செய்வதற்காகப் பயிரிடுவதும் அதே இனம், சோளவயலில் களையாகத் தொல்லை தருவதும் அதே இனம். ஆனால் அவை வெவ்வேறு வகைகள். பழைய உலகம், புதிய உலகம் இரண்டிலும் அந்த இனத்துக்குத் தாயகம் இருக்கையில், ஒரு நாட்டில் உள்நாட்டு வகையும் வெளியிலிருந்து வந்த வகையும் அருகருகே வளரக்கூடும். அத்தகைய நேர்வில் இன அளவில் ஒற்றைச் சொல்லில் விடை சொல்வது வாசகரைத் தவறாக வழிநடத்தும். வகையைக் குறிப்பிட்டே எழுத வேண்டும்.

முடிவை எழுதுதல்

கியூ தளத்தின் பரவல் படத்தில் ஒரு நாடு பச்சையாக இருந்தால் அந்த நாடு முழுதும் தாயகம் என்று படியெடுத்துவிடுவது எளிது. அந்தப் படம், தாவரவியலாளர்கள் ஒப்புக்கொண்ட பெரும் பகுதிகளை அலகாகக் கொண்டது; அதில் அசாம், கிழக்கு இமயம், அந்தமான், நிக்கோபார், இலட்சத்தீவு ஆகியவை தனி அலகுகள், தமிழ்நாடோ இந்தியா என்ற ஒரே அலகுக்குள் அடங்கியது. ஆகவே நீலகிரியின் மேட்டு நிலத்திலோ பவளத் தீவிலோ செடி தானாக இருந்ததா என்ற கேள்விக்கு அது விடை தராது. உங்கள் முடிவில் இடத்தின் அளவைத் தெளிவாக எழுதுங்கள்.

‘சைப்ரஸ் ரொட்டண்டஸ்: தமிழ்நாட்டுச் சமவெளியில் தாயக இனம், ஆற்று வண்டலிலும் பருவ ஈரநிலங்களிலும் இயல்பாக உள்ளது, பாசனமும் உழவும் அதன் பரவலை மிகுதியாக்கியுள்ளன, இன்று பெருங்களை’ என்று எழுதினால், தாயகமும் களைத்தன்மையும் ஒன்றையொன்று மறுக்காமல் ஒரே பதிவில் நிற்கும். ஹவாய்க்கு அதே இனத்தை ‘அயல் இனம், நிலைபெற்றது, ஊடுருவுவது’ என்று எழுத வேண்டும். சான்றுகள் இரு பக்கமும் இழுக்கும் இனத்துக்குத் ‘தாயகம் தெளிவுறாதது’ என்ற தனி வகையே உண்டு. அதைப் பயன்படுத்தத் தயங்கத் தேவையில்லை. ‘உள்நாட்டினது எனக் கருதப்படுகிறது’ என்று மழுப்பி எழுதுவதைவிட, எந்தச் சான்றால் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று ஒரு வரி சேர்ப்பது பின்வருவோருக்கு உதவும்.

முடிவோடு, அதற்கு அடிப்படையான உலர்மாதிரியின் எண்ணையும் அது வைக்கப்பட்டுள்ள ஹெர்பேரியத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டும். தரவுத்தளங்களில் பிழை கண்டால், அந்த எண்ணோடு திருத்தம் கோரி எழுதுங்கள். ஜிபிஃபில் அந்தந்தப் பதிவை வெளியிட்ட நிறுவனத்துக்கும், கியூ தளத்தில் அதன் தொகுப்பாளர்களுக்கும் எழுத வழி இருக்கிறது, மாதிரி எண் இல்லாத கோரிக்கைகளை அவர்களால் சரிபார்க்க முடியாது.